சட்டைப் பையில் யமன்

ஆழ்வார்பேட்டை என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும், நேயர்களே? ஆஞ்சநேயர் கோயில் வடைமாலை வரலாம். மார்கழி மாதம் நாரத கான சபாவில் கச்சேரி முடியும் முன்பே கான்டீனுக்கு நழுவுகிற ரசிகர்கள் வரலாம். மேம்பாலத்துக்குக் கீழே பச்சை விளக்குக்காகத் தவம் கிடக்கும் வாகனங்களும் வரலாம். துப்பாக்கி ஞாபகம் மட்டும் சத்தியமாக வராது. எனக்கும் சென்ற மாதம் வரை வந்ததில்லை.

எங்கள் தெருவில் அடுக்குமாடிகளாக மாறாமல் பாக்கி இருக்கும் தனி வீடுகள் மூன்று. அவற்றில் ஒன்று எதிர் வீட்டு மாமாவுடையது. முன்னால் வேப்பமரம், பின்னால் கிணறு, நடுவில் எழுபத்தெட்டு வயது மாமாவும் எழுபத்திரண்டு வயது மாமியும். பிள்ளை வெளிநாட்டில். பேரன் பெங்களூரில் படிக்கிறான். விடுமுறைக்கு வந்து போவான். போன தீபாவளிக்கு வந்தபோது அவன் நெற்றியில் ஒரு பிளாஸ்திரியைப் பார்த்து விசாரித்தேன். "நிலைப்படியிலே இடிச்சுண்டான்" என்றார் மாமா. பழைய வீடு, தாழ்ந்த நிலைப்படி, வளர்ந்த பையன். நம்பாமல் இருக்க முகாந்திரம் ஏது?

சென்ற மாதம் இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டில் திருட்டுப் போயிற்று. மறுநாள் காலை, காபி டம்ளர் கையில் இருக்கும்போதே மாமா வந்துவிட்டார்.

"ஓய், ஒரு பிஸ்டல் வாங்கலாம்னு இருக்கேன்."

எனக்குக் காபி புரையேறியது.

"பெரிசா ஒண்ணும் வேண்டாம். ஜிப்பாப் பையிலே போட்டுண்டா வெளியே தெரியக்கூடாது. கைக்கு அடக்கமா, லேசா இருக்கணும். அதுக்கு என்ன வழி, எங்கே போகணும்? நீர்தான் நாலு இடம் சுத்தறவராச்சே, கூட வாரும்."

இப்படியாகத்தான் நான் ஆழ்வார்பேட்டையிலிருந்து வேப்பேரி வரை ஒரு துப்பாக்கி யாத்திரை போய் வந்தேன். உங்களையும் அழைத்துப் போகிறேன், வாருங்கள்.

சுபேதாரின் பாடம்

யாத்திரையின் முதல் ஸ்தலம் எங்கள் தெருமுனையில் உள்ள வங்கி. அங்கே காவலுக்கு நிற்பவர் ஓய்வு பெற்ற ராணுவ சுபேதார், காட்பாடிப் பக்கத்துக்காரர். தோளில் தொங்கும் நீளத் துப்பாக்கியைப் போலவே அவரும் நிமிர்ந்து நிற்பார். வேலை முடிந்ததும் டீக்கடை பெஞ்சில் அவரைப் பிடித்து உட்கார வைத்தோம்.

"ஐயா, முதல்லே ஒண்ணு. ரிவால்வர் வேறே, பிஸ்டல் வேறே" என்று ஆரம்பித்தார். ரிவால்வரில் தோட்டாக்கள் சுழலும் உருளைக்குள் இருக்கும். உருளை இருப்பதால் வயிறு பருத்த உருவம். ஆனால் அதன் இயக்கம் எளிது. பிஸ்டலில் தோட்டாக்கள் கைப்பிடிக்குள் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். அதனால்தான் அது தட்டை, பைக்குள் பதுங்கும். ஒரு குண்டு வெளியேறும் வேகத்திலேயே பழைய தோட்டாவின் கூட்டைத் துப்பிவிட்டு அடுத்ததை ஏற்றிக்கொள்ளும்.

நம் நாட்டில் சாதாரணக் குடிமகனுக்கு லைசென்ஸின் பேரில் கிடைக்கும் கைத்துப்பாக்கிகளில் பெரும்பாலானவை .32 அங்குல ரகம். ராணுவமும் போலீஸும் வைத்திருக்கும் 9 மில்லிமீட்டர் ரகம் தடை செய்யப்பட்ட பட்டியலில் இருக்கிறது, ஆசைப்பட்டுப் பயனில்லை. அரசாங்கத் தொழிற்சாலைகளே .32 ரிவால்வரும் பிஸ்டலும் செய்து விற்கின்றன. 2014-ஆம் ஆண்டு ஜனவரியில் கான்பூர் தொழிற்சாலை பெண்களுக்கென்றே ஒரு சிறிய ரிவால்வரை வெளியிட்டது. பெயர் 'நிர்பீக்', அதாவது பயமற்றவள். டைட்டானியம் கலந்த உலோகம், அரைக் கிலோ எடை, விலை ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கு மேல். நகைப்பெட்டி போல ஒரு பெட்டியில் வைத்துக் கொடுத்தார்கள்! மாமாவுக்கு அரைக் கிலோ என்றதும் முகம் மலர்ந்தது.

"லேசா இருந்தா நல்லதுன்னு எல்லாரும் நினைக்கிறாங்க" என்றார் சுபேதார். "குண்டு முன்னாலே போறப்ப துப்பாக்கி பின்னாலே உதைக்கும். கனமான துப்பாக்கி அந்த உதையைத் தானே வாங்கிக்கும். லேசானது உங்க மணிக்கட்டுக்குக் கொடுத்துடும். குழல் குட்டையா இருந்தா குறி பார்க்கிற நீளமும் குறைச்சல். கை இத்தனூண்டு அசைஞ்சா, பத்தடி தள்ளி குண்டு எங்கேயோ போயிடும். சின்னத் துப்பாக்கிதான் ஐயா சுடறதுக்குக் கஷ்டம். எங்க ஆளுங்க மாசக்கணக்கிலே பழகியும் திணறுவாங்க."

மாமா டீயை உறிஞ்சினார். சுபேதார் விடவில்லை.

"பையிலே சும்மா போடக் கூடாது. சாவியோ கைக்குட்டையோ விசையிலே மாட்டிச்சுன்னா உங்க தொடைதான் முதல் குறி. விசையை முழுசா மூடற மாதிரி உறை வேணும். அப்புறம், ராத்திரி தூக்கக் கலக்கத்திலே எழுந்தா கை நடுங்கும். கண்ணாடி போட்டிருக்க மாட்டீங்க. தோட்டாவைப் போட்டே வெச்சா வீட்டுக்கு ஆபத்து. தனியாப் பூட்டி வெச்சா திருடன் போற வரைக்கும் சாவி தேடணும். இதிலே எது வேணும்னு நீங்கதான் முடிவு பண்ணணும்."

கடைசியில் மாமா மெல்லக் கேட்டார்: "கடையிலே கிடைக்கறது சரிப்படலைன்னா, யாராவது மெக்கானிக்கிட்டே சொல்லி நம்ம கைக்கு ஏத்த மாதிரி குழலை வெட்டிச் சின்னதாப் பண்ணிக்கலாமோ?"

சுபேதார் எழுந்தே நின்றுவிட்டார். "அந்தப் பேச்சே வேண்டாங்க, ஐயா!" லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கிக் குழலைக் குறைப்பதையும், பொம்மைத் துப்பாக்கியை நிஜமாக்குவதையும் 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டமே தடுக்கிறது. கள்ளத்தனமாகத் துப்பாக்கி செய்தால், 2019-ல் செய்த திருத்தத்தின்படி, ஏழு வருஷத்துக்குக் குறையாத சிறை; ஆயுள் தண்டனை வரைக்கும் போகலாம். பட்டறைக்காரரோடு மாமாவும் கம்பி எண்ண வேண்டியதுதான்.

எல்டாம்ஸ் ரோடிலிருந்து

மறுநாள் காலை நானும் மாமாவும் ஓர் ஆட்டோ பிடித்தோம். எல்டாம்ஸ் ரோடில், ஸர் ஸி. பி. ராமஸ்வாமி அய்யரின் 'தி குரோவ்' தோட்ட வீட்டு மரங்களைத் தாண்டும்போது, இதெல்லாம் ஒரு காலத்தில் இப்படித்தான் மரமும் நிழலுமாக இருந்தது என்றேன். வெள்ளைக்காரத் துரைகளின் தோட்ட பங்களாக்கள் இங்கிருந்து தேனாம்பேட்டை வரைக்கும் பரவியிருந்தன. அவற்றில் ஒன்றின் பெயர் நியூயிங்டன். மைனர் ஜமீன்தார்கள் தங்கிப் படிப்பதற்காகச் சர்க்கார் நடத்திய கல்விச்சாலை அது.

1919-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் ஓர் இரவு, அந்தப் பள்ளியின் தலைவர் கிளெமென்ட் டி லா ஹே என்ற துரை, தம் வீட்டிலேயே உறக்கத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். சந்தேகம் மாணவர்கள் மேல் விழுந்தது. திருநெல்வேலிச் சீமையின் கடம்பூர், சிங்கம்பட்டி ஜமீன்களின் இளைஞர்கள் பெயர்கள் அடிபட்டன. சென்னையே பரபரத்ததால் வழக்கு பம்பாய்க்கு மாற்றப்பட்டது. இறுதியில் விடுதலை கிடைத்தது. ஆனால் கதை அங்கே முடியவில்லை.

அந்த வழக்குச் செலவில்தான் சிங்கம்பட்டி ஜமீன் கடனில் முழுகியது என்று நெல்லைப் பக்கம் இன்றைக்கும் சொல்வார்கள். 1929-ல் ஜமீனுக்குச் சொந்தமான மலைக்காட்டில் எட்டாயிரத்துச் சொச்சம் ஏக்கர், பம்பாய் பர்மா கம்பெனிக்கு 99 வருஷக் குத்தகைக்குப் போயிற்று. அதுதான் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டம். தலைமுறை தலைமுறையாக அங்கே கொழுந்து பறித்த தொழிலாளர்கள், குத்தகை முடியும் 2028-க்கு முன்பே, 2024-ல் விருப்ப ஓய்வு என்ற பெயரில் மலையை விட்டு இறங்க நேர்ந்தது. இரவில் கேட்ட ஒரு வெடிச் சத்தம் எத்தனை தூரம், எத்தனை வருஷம் எதிரொலிக்கிறது பார்த்தீர்களா?

மாமா ஒன்றும் சொல்லவில்லை. ஆட்டோக்காரர்தான், "மாஞ்சோலை நம்ம சகலை ஊரு சார்" என்றார்.

ராயப்பேட்டையில் ஒரு நிமிஷம்

ராயப்பேட்டை ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோ நெரிசலில் நின்றது. உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். 1967-ஆம் வருஷம் ஜனவரி 12-ஆம் தேதி இந்த வாசலில் திரண்ட கூட்டத்தைப் பற்றிக் கண்கலங்கச் சொல்வார்கள். அன்று மாலை எம்.ஜி.ஆரின் ராமாவரம் வீட்டுக்கு எம்.ஆர். ராதா ஒரு படத் தயாரிப்பாளருடன் வந்தார். பேசிக்கொண்டிருந்தபோதே துப்பாக்கி வெடித்தது. எம்.ஜி.ஆருக்குக் காதருகே குண்டு பாய்ந்தது. ராதாவுக்கும் குண்டுக் காயம். இருவரையும் இங்கேதான் முதலில் கொண்டு வந்தார்கள். பிறகு ஜெனரல் ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள்.

இருவரும் பிழைத்தார்கள். கழுத்தில் கட்டுடன் இருந்த எம்.ஜி.ஆரின் படம் சுவரெங்கும் ஒட்டப்பட, அவர் பரங்கிமலைத் தொகுதியில் படுக்கையில் இருந்தபடியே ஜெயித்தார். ஆனால் தமிழ்நாடு கேட்டு மயங்கிய அந்தப் பழைய குரல் திரும்பவே இல்லை. ராதா சிறைக்குப் போனார். இருபத்தைந்து படங்களில் ஒன்றாக நடித்தவர்கள் என்று அப்போது பேசிக்கொண்டார்கள். நண்பர்கள், விரோதிகள் என்று இன்னமும் பேசிக்கொள்கிறார்கள். எப்படியானால் என்ன? வேட்டி மடிப்பிலோ சட்டைப் பையிலோ மறைகிற ஒரு கையளவு இரும்பு அன்று அந்த அறையில் இல்லாதிருந்தால், சண்டை வாய்ச் சண்டையோடு போயிருக்குமல்லவா?

"அந்த ராத்திரி எனக்கு நன்னா ஞாபகம் இருக்கு" என்றார் மாமா. "எங்கப்பா ரேடியோ பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்."

எழும்பூரும் மணியாச்சியும்

எழும்பூர் மியூசியம் 1851-ல் ஏற்பட்டது. அதன் ஆயுதச் சேகரத்தில் தஞ்சாவூர் அரண்மனையிலிருந்தும் கோட்டை ஆயுதசாலையிலிருந்தும் வந்த வாளும் ஈட்டியும் துப்பாக்கியும் இருக்கின்றன. அந்தக் காலத்து ஆயுதங்களுக்கு ஒரு குணம் உண்டு: ஒளிந்துகொள்ளத் தெரியாதவை. ஆளுயரத் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு வருகிறவனை ஊரே பார்க்கும். பார்த்ததும் ஒதுங்கிக் கொள்ளும்.

அந்த நிலைமையை மாற்றியவர்களில் முக்கியமானவர் ஜான் மோசஸ் பிரௌனிங் என்ற அமெரிக்கர். அவர் வகுத்த தட்டையான, தானே தோட்டா ஏற்றிக்கொள்ளும் பிஸ்டலை பெல்ஜியத்தில், லியேழ் நகருக்கு அருகிலுள்ள தொழிற்சாலை ஒன்று 1900 வாக்கில் லட்சக்கணக்கில் செய்து தள்ளத் தொடங்கியது. அந்த மாடலுக்காக அவர் வகுத்த .32 தோட்டாதான் இன்றைக்கும் நம் அரசாங்கத் தொழிற்சாலைப் பிஸ்டலில் ஏறுகிறது. பிரௌனிங் என்ற பெயர் உலகச் சரித்திரத்தில் புகுந்து விளையாடியது. தமிழ்நாட்டிலும் ஒரு நாள் அது வந்து நின்றது.

திருநெல்வேலி ரயிலில் போனவர்கள் வாஞ்சி மணியாச்சி ஜங்ஷனைப் பார்த்திருப்பீர்கள். தூத்துக்குடிக்குக் கிளை பிரியும் இடம். சுற்றிலும் கரிசல் காடு. 1911-ஆம் வருஷம் ஜூன் 17-ஆம் தேதி காலை, திருநெல்வேலிக் கலெக்டர் ஆஷ் துரை தம் மனைவியுடன் கொடைக்கானல் போகும் வழியில் அந்த ஸ்டேஷனில் ரயில் பெட்டியில் உட்கார்ந்திருந்தார். நன்றாக உடுத்திய ஓர் இளைஞர் பெட்டியை நெருங்கினார். செங்கோட்டை வாஞ்சிநாதன், வயது இருபத்தைந்து. புதுச்சேரியில் வ.வே.சு. ஐயரிடம் சுடப் பழகியவர் என்பார்கள். அவர் சட்டைக்குள் பிரௌனிங் பிஸ்டல் இருந்தது ஒருவர் கண்ணிலும் படவில்லை. துரையைச் சுட்டார், ஓடிப்போய்க் கழிவறைக்குள் புகுந்து தம்மையும் சுட்டுக்கொண்டார்.

வாஞ்சியின் தியாகத்தை எடை போட நான் யார்? அது நாட்டின் கதை. ஆனால் நான் ஒருமுறை அந்தப் பிளாட்பாரத்தில் நின்றபோது மனத்தில் பட்டதை மட்டும் சொல்கிறேன். அந்தச் சின்னப் பிஸ்டலைக் கையில் எடுத்தபோதே அவர் திரும்பிப் போகும் வழியை விட்டுவிட்டார். உயிரைக் கணக்கில் எழுதிவிட்டுத்தான் புறப்பட்டார். ஜிப்பாப் பையில் போட்டுக்கொண்டு காய்கறி வாங்கப் போகிற சாமான் அல்ல அது.

வேப்பேரியில்

சென்னை மாநகருக்குத் துப்பாக்கி லைசென்ஸ் தரும் அதிகாரம் போலீஸ் கமிஷனருக்கு. அலுவலகம் இப்போது வேப்பேரியில். தகவல் சுருக்கமாக இதோ: வயது இருபத்தொன்று நிறைந்திருக்க வேண்டும். விண்ணப்பத்தில் துப்பாக்கி ஏன் வேண்டும் என்று காரணம் சொல்ல வேண்டும். பாதுகாப்பாகக் கையாளப் பயிற்சி பெற்றதற்கு அத்தாட்சி வேண்டும். உங்கள் குணம், பூர்வோத்தரம், வீட்டில் வைக்க இருக்கும் பாதுகாப்பு எல்லாவற்றையும் போலீஸ் விசாரிக்கும். கிடைத்தால் ஐந்து வருஷத்துக்கு லைசென்ஸ். ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது. பொது இடத்தில் உறையில் இட்டுத்தான் எடுத்துப் போகலாம். எடுத்து ஆட்டினாலோ வானத்தை நோக்கிச் சுட்டாலோ குற்றம். தேர்தல் வந்தால் கொண்டுபோய் ஒப்படைத்துவிட்டுப் பிறகு வாங்கிக்கொள்ள வேண்டும்.

இவ்வளவும் செய்து, திருடனைச் சுட்டுவிட்டால் சமாசாரம் முடிந்ததா? இல்லை. உயிரையும் உடைமையையும் காத்துக்கொள்ளும் உரிமையைச் சட்டம் தருகிறது. 2024 ஜூலை முதல் அமலில் இருக்கும் புதிய நியாய சன்ஹிதாவும் தருகிறது. ஆனால் காத்துக்கொள்ளத் தேவையான அளவுக்கு மேல் ஒரு துளியும் போகக் கூடாது. அந்த அளவை இருட்டில், ஒரு நொடியில், நீங்களே தீர்மானிக்க வேண்டும். பிறகு வெளிச்சத்தில், சாவகாசமாக, கோர்ட்டு அதைப் பரிசீலிக்கும்.

மாமா விண்ணப்பத்தின் நகல் ஒன்றை மடித்து ஜிப்பாப் பையில் வைத்துக்கொண்டார். பிஸ்டல் இருக்க வேண்டிய இடத்தில் பாரம் ஒன்றுமில்லாத காகிதம்.

மாமி சொன்னது

வீடு திரும்பும்போது மணி இரண்டு. மாமி மோர் கொண்டு வந்து வைத்தாள். மாமா விண்ணப்பத்தை மேஜைமேல் விரித்து, "காரணம் என்ற இடத்திலே என்ன எழுதலாம், சொல்லும்" என்றார்.

"நான் சொல்லட்டுமா?" என்றாள் மாமி.

அவள் குரலில் என்னவோ இருந்தது. மாமா நிமிரவில்லை.

"தீபாவளிக்கு முதல் நாள் பஸ் சீக்கிரமே வந்துடுத்து. விடியக் காலம் மூணரை மணி. போன்லே சார்ஜ் இல்லே. தாத்தா பாட்டி தூக்கத்தைக் கெடுப்பானேன்னு குழந்தை கொல்லைப் பக்கமா வந்து, சின்ன வயசிலே பண்ற மாதிரி தாழ்ப்பாளை விரலை விட்டுத் தள்ளிண்டு உள்ளே வந்தான். இவர் சத்தம் கேட்டு எழுந்து போனார். கண்ணாடி இல்லே, விளக்கு போடலே. கையிலே தடி இருந்தது." மாமி என்னைப் பார்த்தாள். "நெத்தியிலே மூணு தையல். நிலைப்படியிலே இடிச்சுக்கலே."

கொல்லையில் வேலைக்காரி பாத்திரம் தேய்க்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"தடியா இருந்ததனாலே மூணு தையலோட போச்சு. ஏன்னா, அன்னிக்கு இவர் கேக்கற இந்தச் சின்னச் சாமான் கையிலே இருந்திருந்தா, நான் தீபாவளி அன்னிக்கு யாருக்கு எண்ணெய் வெச்சிருப்பேன்?"

மாமா வெகு நேரம் பேசவில்லை. பிறகு என்னிடம் சொன்னார், மாமியிடம் அல்ல: "நான் 'யாரது'ன்னு கூடக் கேக்கலை, ஓய். அதுதான் ராத்திரியெல்லாம் தூக்கம் வரமாட்டேங்கறது. திருடன் பயம்னு நானே சொல்லிண்டிருந்தேன்."

நேயர்களே, வேப்பேரி வரைக்கும் போய் வந்த எனக்கு, எதிர் வீட்டில் நடந்தது தெரிந்திருக்கவில்லை. துப்பாக்கிக்காரர்கள் எல்லாரும் கெட்டவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. உண்மையிலேயே உயிருக்கு ஆபத்து உள்ளவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சட்டம் வழி வைத்திருக்கிறது. சுபேதாரைப் போல அதைக் கட்டுப்பாட்டோடு கையாளத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். ஆனால் உங்கள் வீட்டில் நடுராத்திரி நடமாடக்கூடியவர்களை ஒரு முறை விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். திருடன் அந்தக் கணக்கில் கடைசி ஆசாமி.

அந்த வாரமே தச்சர் வந்து கொல்லைக் கதவுக்கு உள்பக்கம் குறுக்குத் தாழ் போட்டார். கட்டிலில் படுத்தபடியே கொல்லை விளக்கைப் போட ஒரு ஸ்விட்சு. கதவுக்கு ஒரு மணி. எங்கள் தெருவில் எட்டு வீட்டுக்காரர்கள் ஒருவர் நம்பரை ஒருவர் வாங்கிக்கொண்டோம். மொத்தச் செலவு, 'நிர்பீக்' வந்த பெட்டியின் விலைகூட இராது.

பேரன் போன சனிக்கிழமை வந்தான். விடியற்காலை நாலு மணிக்கு மணி அடித்தது. எங்கள் வீட்டுக்கே கேட்டது. "யாரது?" என்று மாமா போட்ட சத்தத்தில் வேப்பமரத்துக் காக்கைகள் எழுந்துவிட்டன.

"நான்தான் தாத்தா!"

விளக்கு எரிந்தது.

அந்த விண்ணப்பம் என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? நேற்று மாமி எங்கள் வீட்டுக்கு வந்து, கடைக்குப் போனால் வாங்கி வரும்படி ஒரு சீட்டைக் கொடுத்தாள். துவரம் பருப்பு ஒரு கிலோ, பெருங்காயம், மிளகு நூறு கிராம். சீட்டைத் திருப்பிப் பார்த்தேன். 'துப்பாக்கி வேண்டும் காரணம்' என்ற இடம் காலியாகவே இருந்தது.